தைவானின் முதல் பள்ளி பேஸ்பால் ஆட்டம் (1906): ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் பங்கு என்ன?

கரும்பலகை எழுதியது:

தைவான் பேஸ்பாலைப் பற்றி யார் பேசினாலும் ஜப்பானின் பள்ளி அணிகளுக்கான கோஷியென் போட்டியில், தைவான் அணி ஒன்று ஆடிய 1931ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னால், 1906இல், தைபேயில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி இங்கே விவாதிக்க விரும்புகிறேன். தீவில் பள்ளி அணிகள் மோதிய முதல் ஆட்டம் என்று தைவானியர் குறித்துவைத்திருப்பது அதைத்தான். முடிவு 5-5. யாரும் வெல்லவில்லை.

மோதிய இரண்டு அணிகளும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஜப்பானிய ஆட்சி தைபேயில் 1896இல் தொடங்கிய தேசிய மொழிப் (அதாவது ஜப்பானிய மொழிப்) பள்ளிக்குப் பல பிரிவுகள் இருந்தன. அதில் ஒன்று, குடியேறிய ஜப்பானியரின் பிள்ளைகளுக்கான இடைநிலைப் பள்ளிப் பிரிவு. மற்றொன்று, தீவின் ஆரம்பப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பிரிவு. முதல்வர் தனகா கெய்இச்சியின் காலத்தில் இடைநிலைப் பிரிவில் ஓர் அணி அமைந்தது. அதைப் பார்த்துப் பயிற்சிப் பிரிவினரும் ஓர் அணி அமைத்தார்கள். எதிரணி கிடைத்தவுடன் ஆட்டமும் நடந்துவிட்டது.

எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் அணியைப் பற்றி எழுதிவிட்டு, இரண்டாவது அணியை ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது அணிதான் முக்கியமாகப் படுகிறது. இடைநிலைப் பள்ளி மாணவன் படிப்பு முடிந்ததும் அலுவலகத்துக்கோ ஜப்பானுக்கோ போய்விடுவான். ஆசிரியர் பயிற்சி மாணவனோ ஏதோ ஒரு மாவட்டத்தின் ஏதோ ஒரு பள்ளிக்குப் போய் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் நடுவே நிற்பான். அவன் கற்ற பாட்டும் படமும் விளையாட்டும் அவனோடு போகும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்பது நாற்றங்கால். அங்கே ஊன்றியது எதுவானாலும் வயல் வயலாகப் போய்ச் சேரும்.

ஆகவே என் கேள்வி: தைவானில் பேஸ்பால் வேர்பிடித்ததற்கு அந்தப் பயிற்சிப் பிரிவும் அதன் வழிவந்த பள்ளிகளும் எவ்வளவு காரணம்?

மூன்றாம்தளம் எழுதியது:

டீச்சர், கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1906இல் மட்டையும் கையுறையும் பிடித்தவர்கள் ஜப்பானியர். ஆசிரியர் பயிற்சிப் பிரிவிலும் அப்படித்தான். ஓர் ஆதிக்க நாட்டின் பிள்ளைகள் தங்கள் ஊர் விளையாட்டைத் தங்களுக்குள் ஆடிக்கொண்டார்கள். அது நடந்த இடம் தைபே என்பதற்காக அதைத் தைவான் பேஸ்பாலின் பிறப்பு என்று கொண்டாட வேண்டுமா?

தைவானிலிருந்து கோஷியென் போட்டிக்கு முதல் அணி போனது 1923இல். அதுவும் தைபே முதல் இடைநிலைப் பள்ளிதான், அதாவது 1906இல் ஆடிய அதே இடைநிலைப் பிரிவின் வாரிசு. ஜப்பானின் ரிட்சுமெய்கான் பள்ளியிடம் 23-4 என்று தோற்றுத் திரும்பினார்கள். அதன்பின் 1930 வரை ஒவ்வோர் ஆண்டும் போனவை தைபேயின் பள்ளிகளே. 1931இல்தான் தெற்கேயிருந்து ஜியாயி வேளாண்-வனவியல் பள்ளி போனது. ஹான் சீனர், அமிஸ் பழங்குடியினர், ஜப்பானியர் மூவரும் கலந்த அணி. என்னைக் கேட்டால் தைவான் பேஸ்பாலின் பிறப்பு அங்கேதான்.

ஏட்டுச்சுருள் எழுதியது:

பிறப்பு எது என்ற வழக்கை நீங்கள் இருவரும் நடத்துங்கள். நான் பாட்டனார் வழியைச் சொல்கிறேன். அந்தப் பள்ளி எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை அமெரிக்காவின் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கே போய் நிற்கிறது.

தைவானில் ஜப்பானியக் கல்வியைத் தொடங்கிவைத்தவர் இசாவா ஷூஜி. 1895இல் தீவு சீனாவிடமிருந்து ஜப்பானுக்குக் கைமாறியதும் கல்வித்துறைத் தலைவராக வந்து, தைபேக்கு வடக்கே ஷீலின் அருகிலுள்ள குன்றில் முதல் வகுப்பைத் திறந்தார். 1896 புத்தாண்டு நாளில் அவருடைய ஆசிரியர்கள் ஆறு பேர் அங்கே கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டார்கள். அப்போது இசாவா ஜப்பானில் இருந்தார். திரும்பி வந்து அதே ஆண்டில் தேசிய மொழிப் பள்ளியை நிறுவினார்.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1875இல், இதே இசாவாவை ஜப்பானிய அரசு ஆசிரியர் பயிற்சி முறையைப் படித்து வரச்சொல்லி அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர் சேர்ந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 1840இல் தொடங்கியது, அமெரிக்காவின் மிகப் பழைய அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று. மாசசூசெட்ஸ் மாநிலமோ பேஸ்பாலில் ஊறிய மண். கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் 1859இல் அங்கே பிட்ஸ்ஃபீல்டு நகரில்தான் நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி வில்லியம்ஸ் கல்லூரியை 73-32 என்ற கணக்கில் வென்றது.

இசாவா நாடு திரும்பியபின் 1878இல் தோக்கியோவில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் அமைந்தது. அதன் பொறுப்பில் அவரும் இருந்தார். அங்கே கற்பிக்க வந்தவர் ஜார்ஜ் லீலண்ட், அதே ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தவர். லீலண்ட் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் மரக்குண்டுகளை வைத்துச் செய்யும் இலகுவான பயிற்சிகளே. ஆனால் அந்த நிலையத்தின் ஆசிரியர் த்சுபோய் கெண்டோ 1885இல் வெளிப்புற விளையாட்டுகள் குறித்து எழுதிய நூலில் பேஸ்பாலுக்கும் இடம் உண்டு. அடுத்த ஆண்டு அந்நிலையம் தோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு இணைந்துவிட்டது.

இசாவா தைபேயில் பேஸ்பாலைத் தொடங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. 1906க்கு வெகு முன்பே அவர் தைவானை விட்டுப் போய்விட்டார். ஆசிரியர் பயிற்சியின் ஒரு பகுதியாக உடலையும் பழக்க வேண்டும், அதற்கு மைதானம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பள்ளிக்கு எந்த வழியில் வந்தது என்பதைக் காட்டவே இவ்வளவும்.

மழைநாள் எழுதியது:

அருமையான இழை. எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஒரு சந்தேகம். பேஸ்பாலில் சமநிலை என்பது உண்டா? யாராவது ஜெயிக்கும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறேன்?

மூன்றாம்தளம் எழுதியது:

மழைநாள், விதிப்படி ஒன்பது இன்னிங்ஸ். அதில் சமமாக இருந்தால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடிக்கொண்டே போகலாம். ஆனால் மைதானத்தில் விளக்கு இல்லாத காலத்தில் இருட்டிவிட்டால் ஆட்டம் அதோடு சரி. சமநிலை அப்போது சகஜம். இன்றும் ஜப்பானியத் தொழில்முறைப் போட்டிகளில் பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை ஆடியும் முடிவு வராவிட்டால் சமநிலைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். புதிதாகக் கற்றவர்கள் ஆடும்போது பந்தைத் தவறவிடுவதிலேயே ஓட்டங்கள் குவிந்துவிடும். மேலே சொன்ன 73-32 அதற்குச் சான்று. அதோடு ஒப்பிட்டால் 5-5 என்பது கட்டுக்கோப்பான ஆட்டம். இரண்டு பக்கமும் பந்தைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

தாம்சுயிக்கரை எழுதியது:

ஆராய்ச்சிப் பணிக்காகத் தைபேயில் இருக்கிறேன். இந்த இடங்களைப் பற்றி நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த இடைநிலைப் பிரிவு 1907இல் தனிப் பள்ளியானது. இன்று அதன் பெயர் ஜியான்குவோ உயர்நிலைப் பள்ளி. நான்ஹாய் சாலையில் தாவரவியல் தோட்டத்துக்கு எதிரே செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. நகரத்திலேயே மதிப்பெண் மிக அதிகமாகக் கேட்கும் ஆண்கள் பள்ளி அதுதான். பயிற்சிப் பிரிவு 1919இல் தைபே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஆனது. 1927இல் அதை முதலாவது, இரண்டாவது என்று பிரித்தார்கள். முதலாவதின் இடத்தில் இன்று இருப்பது தைபே பல்கலைக்கழகம், அதிபர் மாளிகைக்குப் பக்கம். இரண்டாவது, ஹேபிங் கிழக்குச் சாலையிலுள்ள தேசிய தைபே கல்வியியல் பல்கலைக்கழகம். 1906 ஆட்டத்தின் இரு அணிகளின் வாரிசுகளும் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இன்றும் கல்வி நிறுவனங்களாகவே இருக்கின்றன. இது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

மூன்றாம்தளம் நண்பரின் வாதத்தில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. இங்குள்ளவர்கள் 1906ஐத் தயக்கமில்லாமல் தங்கள் வரலாற்றில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2006இல் தைவான் பேஸ்பாலின் நூற்றாண்டு என்றே பேசினார்கள். ஆண்டவர்கள் கொண்டுவந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார்கள்.

கரும்பலகை எழுதியது:

மூன்றாம்தளம் தம்பி எழுப்பிய தடை நியாயமானது. அதைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை, நேராகவே பார்ப்போம்.

1902முதல் அந்தப் பயிற்சிப் பிரிவில் இரண்டு வகுப்புகள் இருந்தன. முதல் வகை ஜப்பானியருக்கு, இரண்டாம் வகை தைவானியருக்கு. பள்ளிகளும் அப்படியே. ஜப்பானியப் பிள்ளைகளுக்குத் தனி ஆரம்பப் பள்ளி, தைவானியப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளி என்று வேறொரு வகை. ஆசிரியராவதற்கு வந்த இளைஞர்களையே இரண்டாகப் பிரித்துப் பயிற்றிய நிறுவனம் அது. முதல் பத்தாண்டில் பேஸ்பால் மைதானத்தில் தைவானியரைக் காண முடியாததற்கு முதல் காரணம் அந்தப் பிரிவினைதான். இதை யாரும் மென்மையாக்கிச் சொல்லக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. தைவானியப் பெற்றோர் பலர் பள்ளியின் உடற்பயிற்சி வகுப்பையே சந்தேகத்தோடு பார்த்தார்கள். வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்றால், நாளைக்குப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவதற்கான முன்னேற்பாடு என்று அஞ்சினார்கள். படித்த குடும்பங்களில் வெயிலில் ஓடி வியர்ப்பது மதிப்புக்குரிய செயலாகவும் கருதப்படவில்லை. அந்த அச்சத்தை உடைக்க வேண்டிய இடத்தில் நின்றவர் யார்? ஊர்ப் பள்ளி ஆசிரியர். தைவானியப் பிள்ளைக்குப் பெற்றோர் நம்பும் தைவானிய ஆசிரியர். அவர் பயிற்சி பெற்றது எங்கே? அதே தைபேயில், அதே மைதானத்தின் ஓரத்தில்.

முதல் ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. பார்த்திருப்பார். பார்த்ததும் ஒரு வகைக் கல்விதான்.

1922இல் கல்விச் சட்டம் மாறி, ஆரம்பப் பள்ளிக்கு மேற்பட்ட நிலையில் இரு தரப்பாரும் சட்டப்படி ஒன்றாகப் படிக்கலாம் என்று ஆனது. நடைமுறையில் இடங்கள் ஜப்பானியருக்கே அதிகம் போயின. ஆனாலும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவதற்கான கதவு அதன்பின்தான் திறந்தது. அந்தக் கதவு திறந்திராவிட்டால் ஜியாயியின் கலப்பு அணி எப்படி வந்திருக்கும்?

ஏட்டுச்சுருள் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு, அந்த மாணவர்களின் அன்றாட வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் 1886இல் மோரி அரினோரி கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த சட்டம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை ஏறத்தாழப் படைமுகாம்களாக மாற்றியது. கல்விக் கட்டணம் கிடையாது, உணவும் உடையும் அரசுச் செலவு. அதற்கு விலையாக விடுதியில் கட்டுப்பாடான வாழ்க்கை, இராணுவ முறை உடற்பயிற்சி. கீழ்ப்படிதல், நட்பு, கண்ணியம் ஆகிய மூன்றும் ஆசிரியருக்குரிய குணங்கள் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தைபேயின் பள்ளி அந்த மரபில் வளர்ந்தது.

மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, வரிசையில் நடக்கும் இருபது வயது இளைஞர்களுக்கு மாலையில் ஒரு பந்தும் மட்டையும் கிடைப்பது எப்படிப்பட்ட விடுதலையாக இருந்திருக்கும்! தானே முடிவெடுத்து ஓடலாம். எதிரணி அசரும் நேரத்தில் ஓடி அடுத்த தளத்தைத் திருடலாம். யாரும் ஆணையிடுவதில்லை.

கண்டிப்பானவர்களுக்கு அதுதான் பிடிக்கவில்லை. 1911இல் தோக்கியோவின் அசாஹி நாளிதழ் பேஸ்பாலின் கேடுகள் என்று ஒரு நீண்ட தொடரையே வெளியிட்டது. அதில் நிதோபே இனாசோ, எதிராளியை ஏமாற்றித் தளத்தைத் திருடும் இந்த விளையாட்டு ஜேப்படித் திருடர்களுக்குரியது என்ற பொருளில் சாடினார். அவர் சாதாரண ஆள் இல்லை. தோக்கியோவின் புகழ்பெற்ற முதல் உயர்நிலைப் பள்ளிக்கு அப்போது அவர்தான் முதல்வர். 1896இல் யோகோஹாமாவின் வெளிநாட்டவர் விளையாட்டுக் கழகத்தை 29-4 என்று தோற்கடித்து ஜப்பான் முழுவதும் பேஸ்பால் காய்ச்சலைக் கிளப்பிய பள்ளி அது. இன்னொரு செய்தி, நிதோபே அதற்குமுன் தைவானில் பணியாற்றியவர். 1901இல் தீவின் சர்க்கரைத் தொழிலைச் சீரமைக்க அறிக்கை எழுதியவர் அவரே.

அசாஹியின் ஒசாகா பதிப்பு 1915இல் பள்ளி மாணவர்களுக்கான தேசிய பேஸ்பால் போட்டியைத் தொடங்கியது. நாம் கோஷியென் என்று சொல்லும் போட்டி அதுதான்.

விசில் எழுதியது:

நான் உடற்கல்வி ஆசிரியர். இந்த இழையைப் படிக்கும்போது சைதாப்பேட்டை நினைவுக்கு வராமல் இருக்குமா? 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்தவர். கூடைப்பந்து 1891இல் பிறந்தது அந்தக் கல்லூரியில்தான். கைப்பந்தைக் கண்டுபிடித்தவரும் அங்கே படித்தவரே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் பக் அவர்கள்தான்.

தமிழ்நாட்டின் கிராமத்துப் பள்ளிகளில் கைப்பந்து வலையும் கூடைப்பந்துக் கம்பமும் எப்படி வந்தன? அரசாணை மட்டும் போதாது. அந்தக் கல்லூரியில் பயின்ற டிரில் மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே படித்தவர். அதனால் கரும்பலகை டீச்சரின் பக்கம் என் ஓட்டு.

மூன்றாம்தளம் எழுதியது:

விசில் அண்ணா, சைதாப்பேட்டை உடற்கல்விக்கென்றே அமைந்த கல்லூரி. தைபேயில் அது நோக்கமே இல்லை. மொழிப் பயிற்சியும் பாடம் நடத்தும் முறையும்தான் அங்கே நோக்கம். பேஸ்பால் மாலை நேர விளையாட்டு.

என் தரப்பை இன்னும் விளக்கமாக வைக்கிறேன். பேஸ்பால் தைவானியரிடம் போய்ச்சேர மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன, மூன்றுமே ஆசிரியர் பயிற்சிக்கு வெளியே இருப்பவை.

ஒன்று, ரப்பர் பந்து. தோல் பந்து விலை அதிகம், சிறுவர்கள் கையில் பட்டால் எலும்பு முறியும். 1918 வாக்கில் கியோத்தோவில் சிறுவர்களுக்கென்று உள்ளீடற்ற ரப்பர் பந்தை உருவாக்கினார்கள். ஆரம்பப் பள்ளி மாணவர்கள் பேஸ்பால் ஆடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எவ்வளவு பெரிய ஆசிரியர் வந்து கற்பித்தாலும் பத்து வயதுப் பிள்ளையிடம் தோல் பந்தைக் கொடுத்துவிட முடியாது.

அடுத்தது ஆட்சியாளர்களின் கணக்கு. கிழக்குக் கரையில் ஹுவாலியெனில் அமிஸ் சிறுவர்களின் நோகோ அணி உருவானது. அதை வளர்த்தவர் அம்மாவட்டத்தின் ஆளுநர் எகுச்சி ரியோசாபுரோ. பழங்குடியினரை நாகரிகப்படுத்திவிட்டோம் என்று காட்டுவதற்காக 1925இல் அந்த அணியை ஜப்பான் முழுவதும் சுற்றிக்காட்டினார். நோக்கம் அசிங்கமானது. ஆனால் அந்தச் சிறுவர்களின் ஆட்டம் அசிங்கமானதல்ல. அவர்களில் சிலர் கியோத்தோவின் ஹெய்யான் பள்ளியில் சேர்ந்து அங்கேயும் பெயரெடுத்தார்கள்.

பிறகு கொண்டோ ஹியோதாரோ. ஜப்பானின் மட்சுயாமாவிலிருந்து வந்தவர், ஜியாயி அணியைக் கண்டிப்பாகப் பயிற்றுவித்தவர். யார் நன்றாக ஆடுகிறாரோ அவருக்கே இடம், இனம் பார்க்கக் கூடாது என்று அணியை அமைத்தார். 1931இல் முதல் ஆட்டம் 3-0, அடுத்தது சப்போரோ வணிகப் பள்ளியை 19-7, அரையிறுதி 10-2. இறுதியில் சூக்கியோ வணிகப் பள்ளியிடம் 4-0 என்று தோல்வி. எல்லா ஆட்டத்திலும் பந்து வீசியவர் வு மிங்ஜியே என்ற ஒரே இளைஞர். வேளாண் பள்ளி மாணவர். ஆசிரியர் பயிற்சி மாணவர் அல்லர்!

கரும்பலகை எழுதியது:

தம்பி, வு மிங்ஜியேயின் கையில் முதன்முதலாகப் பந்தைக் கொடுத்தது ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர் என்று நான் வாதாடப் போவதில்லை. ரப்பர் பந்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க ஏற்கத்தக்கது. ஆனால் அந்த ரப்பர் பந்து பள்ளிக்கூடத்து மைதானத்தில்தானே உருண்டது? பிள்ளைகளை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து, விதியைச் சொல்லி, நடுவராக நின்றவர் யார்? கடைக்காரரா?

பேஸ்பாலில் இந்த வழித்தடம் மங்கலாகத் தெரிகிறது என்றால் ஓவியத்தில் பளிச்சென்று தெரியும். இஷிகாவா கின்இச்சிரோ என்ற நீர்வண்ண ஓவியர் இதே தேசிய மொழிப் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். ஜியாயியைச் சேர்ந்த சென் செங்போ 1913இல் அங்கே சேர்ந்து அவரிடம் பயின்றார். 1917இல் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பிப் பொதுப் பள்ளி ஆசிரியரானார். ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் மேற்படிப்புக்குத் தோக்கியோ போனார். தைவானின் நவீன ஓவியத்தைத் தொடங்கிவைத்தவர்களில் பலர் அந்தப் பயிற்சிப் பள்ளியின் பிள்ளைகள். ஓவியம் போன வழியில் விளையாட்டு போகாதா?

அதே மாணவர்கள் அடங்கிக் கிடந்தவர்களும் இல்லை. 1922இலும் 1924இலும் தைபே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தைவானிய மாணவர்கள் நிர்வாகத்தோடு மோதினார்கள். இரண்டாவது முறை வகுப்புகளைப் புறக்கணித்தார்கள், பலர் வெளியேற்றப்பட்டார்கள். கீழ்ப்படிதலை முதல் குணமாக எழுதிவைத்த ஒரு முறை இவர்களை உருவாக்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். விடுதிகளில் சேர்ந்து உண்டு, சேர்ந்து ஆடியவர்களுக்கு ஒருவரையொருவர் நம்பத் தெரிந்திருக்கிறது.

ஜப்பானியர் போனபின் வந்த சீன அரசின் படையினர், சென் செங்போவை 1947 மார்ச்சில் ஜியாயி ரயில் நிலையத்தின் முன் சுட்டுக்கொன்றார்கள். பேஸ்பால் இழையில் இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். அவர் பெயரைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

மணிலாக்கடிதம் எழுதியது:

பக்கத்துத் தீவின் கதையையும் வைத்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஆட்சி 1901இல் மணிலாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாமஸ் என்ற கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கி ஊர் ஊராகப் போனார்கள். படைவீரர்கள் கொண்டுவந்த பேஸ்பாலைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது அவர்கள்தான். 1913இல் மணிலாவில் நடந்த முதல் தூரக்கிழக்கு விளையாட்டுப் போட்டியில் பேஸ்பாலில் வென்றதும் பிலிப்பைன்ஸே.

ஆனால் இன்று அங்கே எந்தத் தெருவில் பார்த்தாலும் கூடைப்பந்துதான். நாற்று விட்டவர்கள் நிறையப் பேர் இருந்தும் பேஸ்பால் நிலைக்கவில்லை. ஆகவே ஆசிரியர்கள் மட்டும் போதாது என்பதற்கு மணிலாவே சாட்சி. தைவானில் கோஷியென் போன்று பிள்ளைகள் ஏங்கும் ஒரு பெரிய மேடை இருந்தது. அங்கே அது இல்லை.

ஏட்டுச்சுருள் எழுதியது:

மணிலாக்கடிதம் சொன்னது இந்த இழையிலேயே வலுவான எதிர்வாதம். மேடை முக்கியம். ஆனால் 1945க்குப் பிறகு தைவானுக்குக் கோஷியென் இல்லாமல் போய்விட்டதே? ஜப்பானிய ஆட்சி போய்ச் சீன ஆட்சி வந்தது, ஜப்பானிய அடையாளம் எதுவாயினும் புதிய ஆட்சியாளர்களுக்கு உவப்பாக இல்லை. கூடைப்பந்துதான் அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. அப்படியிருந்தும் பேஸ்பால் சாகவில்லை. அந்த இடைப்பட்ட இருபது ஆண்டுகள் அதைக் காப்பாற்றியவர்களைத் தேடினால் வங்கி அணிகளும் ஊர் அணிகளும் கிடைக்கின்றன, வசேடா பல்கலைக்கழகத்தில் படித்த ஷியே குவோசெங் போன்ற அமைப்பாளர்கள் கிடைக்கிறார்கள், அவர்களோடு பள்ளிகளும்.

தாம்சுயிக்கரை எழுதியது:

பள்ளிகள் என்றதும் ஹோங்யே நினைவுக்கு வருகிறது. தைதுங் மாவட்டத்து மலையில் புனுன் பழங்குடியினரின் சிறிய ஆரம்பப் பள்ளி. பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காகவே அங்கே பேஸ்பாலை ஊக்குவித்தார்கள் என்று சொல்வார்கள். 1968இல் ஜப்பானிலிருந்து வந்த சிறுவர் அணியை அந்தப் பிள்ளைகள் 7-0 என்று வென்றபோது தீவே கொண்டாடியது. வயது கூடிய சிறுவர்களை மாற்றுப் பெயரில் ஆடவைத்தார்கள் என்பது பின்னர் வழக்காகி, பள்ளியைச் சேர்ந்தவர்கள் தண்டனை பெற்றார்கள். அந்த வருத்தமும் கதையின் ஒரு பகுதிதான். அடுத்த ஆண்டே வேறொரு தைவான் சிறுவர் அணி அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட்டில் உலகப் பட்டத்தை வென்றது.

கரும்பலகை அக்காவுக்கும் மூன்றாம்தளத்துக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். 1931இல் கோஷியென் போன ஜியாயி வேளாண் பள்ளி பல பெயர் மாறி வளர்ந்துகொண்டே வந்தது. 2000ஆம் ஆண்டில் அதை இன்னொரு நிறுவனத்தோடு இணைத்து தேசிய ஜியாயி பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். அந்த இன்னொரு நிறுவனம் எது தெரியுமா? ஜியாயி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி.

மூன்றாம்தளம் எழுதியது:

இந்த இணைப்பு எனக்குப் புதிய செய்தி, மிக்க நன்றி. ஆனாலும் 1906ஐப் பிறப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விதை வந்து இறங்கிய ஆண்டு என்று வேண்டுமானால் சொல்கிறேன். அதில் டீச்சரின் இரண்டாவது அணிக்கும் பங்குண்டு.

கரும்பலகை எழுதியது:

அது போதும், தம்பி. நான் கேட்டதும் அந்தப் பங்கைத்தான்.

மழைநாள் எழுதியது:

டிசம்பரில் மகனோடு தைவான் போகிறேன், அவனுக்குப் பதினோரு வயது. தைபேயில் மூன்று நாள், அதன்பின் தெற்கே. தாம்சுயிக்கரை அண்ணா, இந்த இழையில் வந்த இடங்களில் அவனுக்கு எதைக் காட்டலாம்?

தாம்சுயிக்கரை எழுதியது:

தைபேயில் நான்ஹாய் சாலைக்குப் போங்கள். செங்கல் கட்டடத்தைத் தெருவிலிருந்தே பார்க்கலாம், பள்ளி நடக்கும்போது உள்ளே அனுமதி எதிர்பார்க்க வேண்டாம். எதிரே தாவரவியல் தோட்டத்தில் மகன் ஓடியாடலாம்.

ஜியாயிக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து நகரத்துக்கு நேரடிப் பஸ் உண்டு. ஊர் நடுவில் நீரூற்று வட்டத்தில் பந்து வீசும் நிலையில் வு மிங்ஜியேயின் சிலை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே தெருக்களில் நடங்கள். சென் செங்போ நின்று வரைந்த இடங்களில் அவருடைய ஓவியங்களின் படிகளை வைத்திருக்கிறார்கள். நீரூற்று வட்டத்தை அவர் வரைந்த ஓவியமும் உண்டு. ஹோங்யேயில் ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது, ஆனால் அது தைதுங் பக்கம், மலைக்கு அந்தப்புறம். ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் கூடுதலாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். டிசம்பரில் தைபே மழையும் குளிருமாக இருக்கும், மகனுக்கு ஸ்வெட்டர் எடுத்துவாருங்கள். ஜியாயியில் வெயில் கிடைக்கும்.